மண்ணில் தங்கும் கரி

பூமியின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளே, இலையும் வேரும் பிராணிகளும் மடிந்து மக்கியதன் மிச்சமாக, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கரி அடங்கியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். ஆகாயத்துக் கரியமில வாயுவில் உள்ள கரியையும், உலகத்து மரஞ்செடிகள் யாவற்றிலும் உள்ள கரியையும் ஒன்றாகக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

இந்தக் கரியில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் சில மாதங்களிலேயே தின்று வாயுவாக வெளியேற்றிவிட, மற்றொரு பகுதி மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடப்பதற்குக் காரணம் என்ன? சில பொருள்கள் இயற்கையிலேயே கடினமானவை, ஆகையால் அவை மக்குவதில்லை என்பதே வெகுகாலம் வழங்கிவந்த அபிப்பிராயம். 2011ஆம் ஆண்டில் பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கூடி ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை அதை மறுத்தது. களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டதா, ஈரமும் பிராணவாயுவும் எட்டாத ஆழத்தில் அகப்பட்டதா என்கிற சூழ்நிலையே கரியின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா சமவெளியில் கிடைத்தது. விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த எரிக்கா மரீன்-ஸ்பியோட்டாவும் அவருடைய சகாக்களும் அங்கே ஆராய்ந்த ‘பிரேடி மண்’ என்னும் கரிய படுகை, சுமார் 15,000 ஆண்டுகளுக்கும் 13,500 ஆண்டுகளுக்கும் இடையில் உருவாகத் தொடங்கி, மேற்பரப்பாக இருந்து, பின்னர் சீதோஷ்ணம் மாறிய காலத்தில் காற்று வாரிக்கொண்டு வந்த நுண்புழுதியால் மூடப்பட்டு, இன்று சில இடங்களில் ஆறரை மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அதில் காட்டுத்தீ விட்டுச்சென்ற கரித்துண்டுகளும் இருந்தன. தீயும் புழுதியும் சேர்ந்தே அந்தக் கரியை நிலைநிறுத்தின என்று 2014இல் அவர்கள் எழுதினார்கள். நிலம் அரிக்கப்பட்டோ, வெட்டப்பட்டோ அந்தப் படுகை வெளிப்பட்டால், நுண்ணுயிர்களுக்கு அது மறுபடியும் ஆகாரமாகிவிடலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

போர்ட்டோ ரீக்கோ தீவில் மரீன்-ஸ்பியோட்டா கண்டது இன்னும் சுவாரஸ்யமானது. 1940களில் அத்தீவில் காடு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. பின்னர் ஜனங்கள் விவசாயத்தை விட்டு ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போகவே, மேய்ச்சல் நிலங்களில் மரங்கள் தாமாகவே முளைத்துக் காடாயின. காடு வளர்ந்தால் மண்ணிலும் கரி பெருகும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்பார்? 80 ஆண்டுக் காடுவரை ஒப்பிட்டுப் பார்த்தபோது மரங்களில் கரி பெருகியிருந்ததே தவிர, மண்ணிலுள்ள மொத்த அளவு பெரிதாக மாறவில்லை. ஆயினும் உள்ளே ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. உஷ்ணப் பிரதேசத்துப் புல்லின் கரியும் மரத்தின் கரியும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபடுவதால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. பழைய புல்லின் கரி கழிந்து, அந்த இடத்தை மரத்தின் கரி நிரப்பிக்கொண்டிருந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமே நிகழவில்லை என்று முடிவு கட்டியிருப்போம்.

இத்தகைய ஆராய்ச்சி மேஜையருகில் உட்கார்ந்து நடப்பதன்று. ஊரைவிட்டு வெகுதூரம் போய்க் கூடாரமடித்துக் குழி தோண்டவேண்டும். அந்த வனாந்தரத்தில் வண்டிச் சாவியும், பட்டத்துக்கான சிபாரிசும் ஒரே பேராசிரியரின் கையில் இருக்கும். அவர் கண்ணியமானவராக இல்லாவிட்டால் மாணவி யாரிடம் போய் முறையிடுவாள்? பலர் முறையிடாமலே துறையைவிட்டு விலகிப்போகிறார்கள். துறையில் வேறொரு குறையும் உண்டு: அமெரிக்காவில் புவி விஞ்ஞானங்களில் டாக்டர் பட்டம் பெறுவோரிடையே இன ஏற்றத்தாழ்வு நாற்பது ஆண்டுகளாகக் குறையவேயில்லை என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று.

அதே மரீன்-ஸ்பியோட்டாவின் தலைமையில், அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பண உதவியோடு தொடங்கிய ‘அட்வான்ஸ்ஜியோ’ என்ற கூட்டுமுயற்சி இக்குறைகளை நீக்க முயல்கிறது. பாதிக்கப்பட்டவர் மனுக்கொடுக்கட்டும் என்று காத்திராமல், அருகிலிருந்து பார்ப்பவர்கள் எவ்வாறு குறுக்கிட வேண்டும் என்பதைப் பயிற்றுவிக்கிறது. அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கமும் 2017இல் தன் ஒழுக்க விதிகளைத் திருத்தி, சகாக்களைத் துன்புறுத்துவதையும், ஆராய்ச்சி முடிவுகளைப் புனைந்தெழுதும் மோசடியைப் போலவே, விஞ்ஞான ஒழுக்கக்கேடு என்று அறிவித்துவிட்டது. ஒன்றைப் பொய்யென்றும் மற்றதைச் சொந்த விவகாரமென்றும் பிரித்துப் பார்த்துவந்த வழக்கத்துக்கு அது நியாயமான முடிவு.