கெடு முடிந்தது, காக்கா ஆழி போகுமா?

கப்பல்கள் நிலைதடுமாறாமலிருக்கத் தொட்டிகளில் ஏற்றும் பேலஸ்ட் நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் கடைசிக் கெடு, 2024 செப்டம்பர் 8. அது கடந்துவிட்டதால் பேலஸ்ட் நீரோடு வந்ததாகக் கருதப்பட்டு, எண்ணூரைச் சூழ்ந்த காக்கா ஆழி என்ற அயல் சிப்பி இனி ஓய்ந்துவிடும்தானே என்று பண்ணைக்காட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார். இதே குழப்பம் வேறு கடிதங்களிலும் இருக்கிறது. காக்கா ஆழி ஓயாது.

‘சுத்திகரித்த நீர்’ என்று அதிகாரிகள் சொல்லும்போது உயிரே இல்லாத நீர் என்று தோன்றும். விதி கேட்பது அதுவல்ல. 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயிரிகள், ஒரு கன மீட்டரில் பத்துக்குக் குறைவாக உயிரோடிருந்தால் போதும். 50,000 கன மீட்டர் நீர் சுமக்கும் கப்பல், விதியை மீறாமலே நாலரை லட்சம் உயிரிகளைக் கொட்டலாம். முன்பு கொட்டியதோடு ஒப்பிட்டால் இது பெரிய குறைவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. 2001-இல் திறந்த எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் முக்கியச் சரக்கு நிலக்கரி. சுமையோடு வரும் கப்பலில் பேலஸ்ட் நீர் அதிகம் இருக்காது. சரக்கை இறக்கிய பிறகுதான் நீரை ஏற்றும். ஆனால் அதன் அடிப்புறம்? பாசித்தடுப்புப் பூச்சு தேய்ந்த இடங்களிலும், கடல்நீரை உள்ளிழுக்கும் துளைகளின் உட்புறத்திலும் சிப்பிகள் நாரால் ஒட்டிக்கொண்டு வரும். கப்பல் கரையில் நிற்கையில் அவற்றின் முட்டையும் விந்தும் நீரில் கலக்கும். இளவுயிரிகள் நாள்கணக்கில் மிதந்து, பிடிமானம் கிடைத்த இடத்தில் ஊன்றும். தொட்டி நீரை எவ்வளவு சுத்திகரித்தாலும் இந்த வழி அடைபடாது. நியூசிலாந்து 2018 முதல் தன் கரைக்கு வரும் கப்பல்களின் அடிப்புறத்துக்குக் கட்டாய விதி வைத்திருக்கிறது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2011-இலும் 2023-இலும் தந்தவை வெறும் வழிகாட்டுதல்கள்.

தென் அமெரிக்கச் சிப்பியான காக்கா ஆழி பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், கேரளக் காயல்கள் எனப் பரவியது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் சேற்றின் மேல் பாய்போல் படர்ந்திருக்கிறது. இறால் புதையச் சேறு இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பு போகிறது, காலும் கிழிகிறது.

மற்ற கேள்விகள்:

மருந்திட்டு அழிக்கலாமா? 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் வேறொரு சிப்பியை அப்படி அழித்தார்கள். அங்கே படகுத்துறைகளை மூட மதகு இருந்தது, எண்ணூர் முகத்துவாரத்துக்கு இல்லை.

வாரி எடுத்தால்? கட்டாயம் எடுக்க வேண்டும். மிதக்கும் இளவுயிரிகள் மிஞ்சும் என்பதால் ஒருமுறையோடு தீராது.

சாப்பிடலாமா? அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றில் நீரை வடிகட்டி வளரும் சிப்பியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கப்பல் கொண்டுவந்தது? இனி எவராலும் சொல்ல முடியாது.

வரும் ஒவ்வொரு கப்பலின் அடிப்புறமும் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்ற பதிவைத் துறைமுகங்கள் கேட்டு வாங்கி, மீனவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.