இணையத்தில் துப்பாக்கி: காட்டப்படும் விலையும் காட்டப்படாத செலவும்

புது தில்லி: கைபேசித் திரையில் ஒரு பிஸ்டலின் படம், அதன் கீழே ஒரு விலை, முன்பணம் செலுத்த ஒரு கைபேசி எண். சமூக ஊடகங்களில் அவ்வப்போது தலைகாட்டும் இத்தகைய விளம்பரங்களில் உள்ள தொகை, உரிமம் பெற்ற கடையில் கேட்கப்படும் விலையில் சிறு பகுதியாகவே இருக்கும். ஆனால், கணக்கு அந்தத் தொகையோடு முடிவதில்லை.

அமெரிக்காவில் இணையவழித் துப்பாக்கி விற்பனை சட்டப்படி நடைபெறும் வணிகம். அங்கும்கூட, 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வேறு மாநில வணிகரிடம் பதிவு செய்த துப்பாக்கி வாங்குபவரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடாது. உள்ளூரில் கூட்டரசு உரிமம் பெற்ற கடைக்கே அது அனுப்பப்படும். பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கைமாறும். அனுப்புச் செலவையும் உள்ளூர்க் கடைக்காரர் பெறும் கைமாற்றுக் கட்டணத்தையும் கூட்டினால், மலிவாகத் தோன்றியது பல வேளைகளில் உள்ளூர் விலையை எட்டிவிடும்.

இந்தியாவில் கேள்வியே வேறு. ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆவது பிரிவின்படி, உரிமம் இன்றி எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. விற்பவருக்கும் தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு 10-ஆவது பிரிவின்கீழ் இறக்குமதி உரிமம் தேவை. பொதுமக்களின் பயன்பாட்டுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுப்பகுதி முதலே பெரும்பாலும் நிறுத்தப்பட்டுள்ளது. துப்பாக்கி சுடும் விளையாட்டில் தகுதி பெற்றவர்களுக்கே முக்கிய விலக்கு.

சட்டப்படி வாங்குவதும் மலிவான செயல் அல்ல. தில்லியில் ஆயுத உரிமம் வழங்கும் பொறுப்பு காவல்துறையின் உரிமப் பிரிவிடம் உள்ளது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், விண்ணப்பதாரர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் மருத்துவச் சான்றையும் அளிக்க வேண்டும் எனக் கூறுகின்றன. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழியும் தேவை. காவல் நிலைய விசாரணை தனி. இவ்வளவும் முடிந்து உரிமம் கைக்கு வந்த பிறகே காஷ்மீரி கேட் பகுதிக் கடைகளின் படியேற முடியும்.

அங்கே காத்திருப்பது வரி. ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அடிப்படை விலை ஒரு இலட்சம் ரூபாய் என்றால் வரி மட்டுமே 40 ஆயிரம் ரூபாய். பெண்களுக்கானது என்று கூறி கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரின் அன்றைய விலை சுமார் 1.22 இலட்சம் ரூபாய். பாதுகாப்பு தேடும் நடுத்தரக் குடும்பப் பெண்ணுக்கு அது எட்டும் விலையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

வாங்கிய பின்னும் செலவு தொடர்கிறது. உரிமத்தைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது சற்று ஆறுதல். அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் காலத்தில் ஆயுதத்தை ஒப்படைக்குமாறு உத்தரவு வந்தால் காவல் நிலையத்திலோ கடையிலோ வைக்க வேண்டும். கடைக்காரர் அதற்கு வாடகை கேட்பார். வேண்டாம் என்று இன்னொரு உரிமதாரருக்கு விற்க முனைந்தாலும், மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாள்கள் காத்திருக்க வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு.

இந்த அலைச்சலைத் தவிர்க்கலாம் என்ற ஆசையையே சமூக ஊடக விளம்பரங்கள் குறிவைக்கின்றன. பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் மோசடிக்காரர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான தொழில் அமைவது அரிது. ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குச் சென்றால், தாம் எதை வாங்க முயன்றார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். பொருள் உண்மையிலேயே கைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் சிறையும் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வகைசெய்கிறது. தடைசெய்யப்பட்ட வகை ஆயுதமாக இருந்தால் தண்டனை ஏழு ஆண்டுகளிலிருந்து தொடங்கும். உரிமமின்றித் தயாரிப்போருக்கும் விற்போருக்கும் ஆயுள் சிறை வரை கிடைக்கலாம். கைமாறி வந்த துப்பாக்கி முன்பு ஏதேனும் குற்றத்தில் பயன்பட்டிருந்தால், அந்த வழக்கின் விசாரணையும் வாங்கியவரின் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கி விஷயத்தில் குழப்பம் அதிகம். துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் துப்பாக்கி சுடும் தளத்தில் 10 மீட்டர் பிரிவில் பயிற்சி பெறுவோர் பயன்படுத்துவது 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள காற்றுத் துப்பாக்கி. குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறப்பட்டாலும் உரிமம் கட்டாயம். வெளிநாட்டு இணையதளங்களில் தாராளமாகக் காணக்கிடைக்கும் 5.5 மில்லிமீட்டர் வகை இந்த வரம்பைத் தாண்டியதே. எனவே பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை, பொருள் விவரக் குறிப்பில் சிறிய எழுத்தில் உள்ள அந்த இரண்டு எண்கள்.