அவசர சிகிச்சைப் பிரிவும் முன்கணிப்பும்

நெஞ்சுவலி எவருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆயினும் பெரிய வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நாளை ஏறக்குறைய எத்தனை பேர் வருவர் என்பதை இன்றே கூறிவிடலாம். இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே விடியுமுன் வருவோர் சிலர். காலையில் விரைந்தேறும் தொகை முன்னிரவு வரை தணிவதில்லை. கிழமைகளுள் திங்களே பெரும்பாலும் நெருக்கடி மிக்கது. மாரியில் முதியோரின் சுவாச நோய்கள் பெருகும். பல்லாண்டுப் பதிவுகளிலிருந்து இவ்வொழுங்குகளைப் பிரித்தெடுத்தலே முன்கணிப்பின் முதற்படி.

எஞ்சுவது தற்செயல். ஒன்றோடொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகளுக்குரிய விதியைப் பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் 1837 இல் வெளியிட்டார். கல்லூரியிற் கணிதம் பயின்றோர் அதனை மறந்திருக்கமாட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரி 100 பேர் வரின், அதன் வர்க்கமூலமாகிய 10 நியம விலகலாகும். எனவே 20 நாள்களுள் ஏறக்குறைய 19 நாள்களில் வருகை 80 க்கும் 120 க்கும் இடையில் அமையும். தொற்றுநோயோ பெருவிபத்தோ நேரின் விலகல் இதனினும் மிகும். கணிப்பு எத்துணை நுட்பமாயினும் இவ்வூசலை நீக்கவியலாது. சராசரிக்கென அளந்து டாக்டர்களையும் தாதியரையும் அமர்த்தும் நிருவாகி, ஏறத்தாழப் பாதி நாள்களில் திண்டாடுவார். (சராசரி என்னுஞ் சொல் நிதிப்பகுதியாருக்கு இனிப்பதுபோல் வேறெவர்க்கும் இனிப்பதில்லை போலும்!)

அத்திண்டாட்டத்தின் அளவை அறியத் தொலைபேசி துணைசெய்தது. கொப்பனேகன் தொலைபேசிக் கம்பனியைச் சேர்ந்த ஏர்லாங், அழைப்புகளைப் பற்றி 1909 இல் எழுதிய கட்டுரையிலிருந்தே வரிசைக் கொள்கை வளர்ந்தது. அக்கொள்கையின் மிக எளிய வடிவில், தனியொரு டாக்டர் தம் நேரத்தில் 80 வீதம் வேலையிலிருப்பாராயின், காத்திருப்பு ஒருவரைப் பார்வையிடும் சராசரி நேரத்தின் 4 மடங்கு; 90 வீதமாயின் 9 மடங்கு; 95 வீதமாயின் 19 மடங்கு. வேலை சிறிதே கூடக் காத்திருப்பு இரட்டிக்கிறது! வீணெனத் தோன்றும் ஓய்வுநேரமே நோயாளரைக் காக்கும் இடைவெளியாம்.

கட்டில்களுக்கும் இஃது ஒக்கும். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 1999 இல் வெளிவந்த மாதிரியாய்வொன்று, கட்டில்களில் 85 வீதத்துக்கு மேல் நிரம்பின் ஆபத்துத் தென்படும் என்றும், 90 வீதமோ அதற்கு மேலோ ஆயின் கட்டில் நெருக்கடி அடிக்கடி நேரும் என்றும் காட்டியது. நோயாளருள் 95 வீதமானோரை நான்கு மணி நேரத்துள் கவனித்து முடித்தல் வேண்டுமென்பது 2010 இல் இங்கிலாந்து வகுத்த இலக்கு. நாடு முழுவதற்குமாக அது கடைசியாக எட்டப்பட்டது 2015 யூலையிலாகும். வாயிலில் வருவோரைக் கணித்தல் மட்டும் போதாது என்பது இதனாற் புலனாகும். வார்ட்டிலிருந்து வீடு திரும்புவோரையும் கணித்தல் வேண்டும். வருகை காலையிலேயே ஏறுகிறது; கட்டில்களோ டாக்டர்கள் வார்ட்டைச் சுற்றிப் பார்த்து, மருந்துச் சீட்டும் எழுதிமுடித்த பின், பெரும்பாலும் பிற்பகலிலேயே ஒழிகின்றன. இடைப்பட்ட சில மணி நேரம், அனுமதிக்கப்பட்ட முதியவர் தாழ்வாரத்துத் தள்ளுகட்டிலிற் கிடக்கிறார்.