பன்னிரண்டு சீருடை அணிந்த தகப்பன்



உங்கள் வீட்டில் யாராவது அரசாங்க உத்தியோகத்தில் இருந்தால் 'இடமாற்றம்' என்ற சொல்லின் கனத்தை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கடிதம் வரும். அன்று இரவே வீட்டில் கணக்குப் பார்ப்பது தொடங்கிவிடும். பிள்ளைகளின் பாடசாலை என்னாவது? வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் திரும்பக் கிடைக்குமா? வாப்பா மட்டும் போவதா, எல்லோரும் போவதா? ஆண்கள் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். பெண்களுக்கோ அன்றிரவு உறக்கம் வராது.

அப்படிப்பட்ட இடமாற்றம் ஒரு மனிதருக்கு ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, உத்தியோகக் காலம் முழுவதும் வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? கனடாவில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் அரசாங்க ஊழியர் அல்லர், ஒரு விளையாட்டு வீரர். பெயர் மைக் சிலிஞ்சர். ஐஸ் ஹொக்கியில் உலகின் மிகப் பெரிய போட்டித் தொடரான தேசிய ஹொக்கி லீக்கில் பன்னிரண்டு அணிகளுக்கு விளையாடியவர். 1917 இல் தொடங்கிய அந்த லீக்கின் வரலாற்றில் இத்தனை அணிகளின் சீருடையை அணிந்தவர் வேறு எவரும் இல்லை.

பனிக்கட்டியின் மேல் ஒரு விளையாட்டு

நம்மில் பலர் இந்த விளையாட்டைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம். இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் கொண்ட தளத்தில் தண்ணீரை உறையவைத்துப் பனிக்கட்டித் தரையாக்குகிறார்கள். ஒவ்வொரு அணியிலும் ஆறு பேர். காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய சப்பாத்து, கையில் வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குலக் குறுக்களவுள்ள கட்டி றப்பர் வட்டு. மூன்று பகுதிகள், பகுதிக்கு இருபது நிமிடம். வேகம் அதிகமென்பதால் ஒருவர் ஒரே மூச்சில் முக்கால் நிமிடம் அளவில்தான் விளையாடுவார். பின் வெளியே வந்து மூச்சு வாங்க, அடுத்தவர் உள்ளே பாய்வார். 2025-26 வரை ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டங்கள் இருந்தன. ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஊர் ஊராகப் பயணம்.

சிலிஞ்சர் 1971 ஜூன் மாதம் ரெஜைனா நகரில் பிறந்தார். கோதுமை வயல்கள் சூழ்ந்த சஸ்கச்சவான் மாகாணத்தின் தலைநகர் அது. குளிர்காலத்தில் உறைநிலைக்கும் முப்பது பாகை கீழே போகும் ஊர். அங்கே பையன்கள் நடக்கப் பழகிய கையோடு பனிச்சறுக்கவும் பழகிவிடுகிறார்கள். சொந்த ஊரின் இளைஞர் அணியிலே விளையாடி வளர்ந்த சிலிஞ்சரை 1989 இல் டெட்ரொயிட் ரெட் விங்ஸ் கழகம் தெரிவுசெய்தது. அந்த ஆண்டு லீக் முழுவதும் தெரிவான இளைஞர்களில் அவர் பதினோராவது. பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையனுக்கு இது சிறிய காரியமா? ஊரே மெச்சியிருக்கும்.

நட்சத்திரங்களின் நிழலில்

ஆனால் டெட்ரொயிட்டில் அவர் விளையாடும் மத்திய இடத்தில் ஸ்டீவ் ஐசர்மன், செர்கே பெடரோவ் என்ற இரு பெரும் வீரர்கள் நின்றார்கள். அவர்களைத் தாண்டி இடம் கிடைப்பது எளிதல்ல. ஆகவே ஆரம்ப ஆண்டுகளில் கழகத்தின் கீழ்நிலை அணியான அடிரொண்டாக்கிலும் விளையாடினார்.

இந்தக் கீழ்நிலை அணி என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இளம் வீரர் பலருக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருப்பார்கள். மேல் அணியில் ஆடும் நாட்களுக்குப் பெரிய சம்பளம், கீழே அனுப்பப்பட்டால் அதில் ஒரு சிறு பங்கு. காலையில் ஒரு தொலைபேசி அழைப்பில் மேலே போகலாம், அடுத்த வாரம் இன்னொரு அழைப்பில் கீழே வரலாம். இப்படி ஏறி இறங்கியபடியே பலருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிடுகிறது. சிலிஞ்சர் அதிலிருந்து தப்பினார். எப்படி?

நட்சத்திரமாக முடியாது என்று தெரிந்தபோது, நட்சத்திரங்கள் விரும்பாத வேலைகளை அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது நடுவர் வட்டைக் கீழே போடுவார். எதிரெதிரே குனிந்து நிற்கும் இருவரில் யார் முந்தித் தட்டிப் பறிக்கிறாரோ அவருடைய அணிக்கே வட்டு சொந்தம். சிலிஞ்சர் அதில் வல்லவர். அடுத்தது, தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும்போது, ஆள் குறைந்த நிலையில் எதிரியைத் தடுத்து நிறுத்துவது. அடி வாங்கும் வேலை, கைதட்டல் குறைந்த வேலை. ஆனால் அது இல்லாமல் எந்த அணியும் வெல்லாது.

ஆங்கிலத்தில் இத்தகைய வீரரை 'ஜேர்னிமேன்' என்கிறார்கள். தொழிலை முறையாகப் பழகி முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாமல், கூப்பிட்ட இடத்துக்குப் போய் நாட்கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞனுக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. சற்று இளக்காரமாகவும் சொல்வார்கள். ஆனால் பழைய பொருளை நினைத்துப் பாருங்கள். கைத்தொழில் தெரியாதவனை யாரும் கூப்பிடுவதில்லை.

மார்ச் மாதத்துத் தொலைபேசி

இந்த லீக்கில் கழகங்கள் வீரர்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். ஒரு வீரருக்கு இன்னொரு வீரர், அல்லது வருங்காலத்தில் ஓர் இளைஞனைத் தெரிவுசெய்யும் உரிமை, இப்படிக் கொடுத்து வாங்குவார்கள். என்னை அனுப்பக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் வசதி, பல ஆண்டு அனுபவமும் பெயரும் உள்ளவர்களுக்கே கிடைக்கும். மற்றவர்கள் சொன்ன இடத்துக்குப் போகவேண்டும்.

1995 ஏப்ரலில் சிலிஞ்சர் டெட்ரொயிட்டிலிருந்து கலிபோர்னியாவின் அனஹெய்முக்கு அனுப்பப்பட்டார். 1996 மார்ச்சில் வன்கூவர். 1998 பெப்ரவரியில் பிலடெல்பியா. அதே ஆண்டு டிசம்பரில் தம்பா. 2000 மார்ச்சில் புளோரிடா பந்தர்ஸ். 2001 மார்ச்சில் கனடாவின் ஒட்டாவா.

இந்தப் பட்டியலில் மார்ச் மாதம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் உண்டு. ஏப்ரலில் கிண்ணத்துக்கான இறுதிக் கட்ட ஆட்டங்கள் தொடங்கும். அதற்குமுன் ஒரு கடைசித் திகதி வரை ஆட்களை மாற்றலாம். வெல்லும் நிலையிலுள்ள கழகம் தன் குறையை அடைக்கக் கைதேர்ந்த ஒருவரைத் தேடும். தோற்கும் கழகம் அவரைக் கொடுத்து வருங்காலத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளும். கூரையில் ஓட்டை தெரியும்போதுதான் ஓடு தேடுகிறோம். சிலிஞ்சர் அந்த ஓடு.

ஆனால் அங்கே பாடசாலை ஆண்டு ஜூன் மாதத்தில்தான் முடிகிறது. மார்ச்சில் தகப்பன் ஒரு பையுடன் விமானம் ஏறினால், பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று மாதப் படிப்பு பாக்கி. இத்தகைய வீரர்களின் வீடுகளில் பெரும்பாலும் தாய் பிள்ளைகளோடு தங்கிவிடுகிறாள். வீட்டை விற்பது, சாமான் கட்டுவது, புதிய ஊரில் வைத்தியரையும் பாடசாலையையும் தேடுவது எல்லாம் அவள் தலையில். குடிபெயரும் செலவைக் கழகம் கொடுக்க வேண்டும் என்று வீரர்களின் சங்கம் பேசி ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் தோழியைப் பிரிந்து அழும் பிள்ளையைத் தேற்றும் செலவை எந்த ஒப்பந்தத்தில் எழுதுவது?

நல்ல சம்பளம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2023-24 பருவத்தில் இந்த லீக்கின் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். பணக்கஷ்டம் என்று நாம் பரிதாபப்படத் தேவையில்லை. ஆனால் அது ஒரு சில ஆண்டுகளே வரும் வருமானம். ஒரு முழங்கால் முறிந்தால் முடிந்துபோகும். பணத்தால் ஒரு குடும்பம் வீடு வாங்கலாம். அந்த வீட்டில் எத்தனை மாதம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு ஊரில் இருக்கும் வேறொருவர்.

அறுபத்தேழு நாள் குழந்தை

2001 கோடையில் சிலிஞ்சர் தாமாகவே ஓர் ஊரைத் தெரிவுசெய்தார். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக நின்ற அவர், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் புதிதாகத் தொடங்கியிருந்த புளூ ஜெக்கெட்ஸ் கழகத்தோடு சேர்ந்தார். இரண்டு முழுப் பருவங்கள் அங்கே விளையாடினார். 2003 மே 16 இல் அந்த நகரில் அவருடைய மகன் கோல் பிறந்தான்.

அதே ஆண்டு ஜூலை 22. குழந்தைக்கு அறுபத்தேழு நாள். கொலம்பஸ் கழகம் அவரை டலஸ் அணிக்குக் கொடுத்து, டரில் சைடோர் என்ற வீரரை வாங்கியது. டலஸ் கழகமோ அவரை வைத்துக்கொள்ளவில்லை. அன்றே அரிசோனாவின் பீனிக்ஸ் அணிக்குக் கொடுத்து டெப்போ நும்மினென் என்பவரை எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு கைமாற்றம்! டலஸின் சீருடையை அவர் அணியவே இல்லை. அதனால்தான் கணக்கு பதின்மூன்றாகாமல் பன்னிரண்டில் நின்றது.

பிள்ளை பெற்ற வீட்டில் நாற்பது நாள் கழிந்து, தாய் சற்று எழுந்து நடமாடி, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் காலம் எப்படிப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நேரத்தில் வந்த செய்தி அது.

அடுத்த மார்ச்சில், குழந்தை ஒரு வயதை எட்டுமுன்பே, தகப்பன் சென்ட் லூயிஸ் அணிக்குப் போனார். 2004-05 பருவம் கழக உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான சம்பளப் பிணக்கால் முழுவதுமே நடக்கவில்லை. அடுத்த பருவத்தில் அவர் மொத்தம் 32 கோல்கள் அடித்தார். அவர் வாழ்வில் அதுவே ஆகக் கூடியது. அப்படியானால் சென்ட் லூயிஸ் அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. நன்றாக ஆடும் வீரருக்கே நல்ல விலை கிடைக்கும் என்று, 2006 ஜனவரியில் அவரை நாஷ்வில்லுக்குக் கொடுத்துவிட்டது. நன்றாக வேலை செய்தால் இடம் நிலைக்கும் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நன்றாகச் செய்ததாலேயே இடம் போவதும் உண்டு.

2006 ஜூலையில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அது பன்னிரண்டாவது அணி. முதல் பருவத்தில் 82 ஆட்டங்களையும் விடாமல் ஆடி 26 கோல்கள் அடித்தார். பின் இடுப்பு மூட்டு இடங்கொடுக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்தும் பழைய நிலை திரும்பவில்லை. 2009 ஓகஸ்டில் ஓய்வு பெற்றார்.

கிண்ணம் இல்லாத வெற்றி

மொத்தம் 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். ஆனால் ஸ்டான்லி கிண்ணத்தை ஒரு முறையும் அவர் கையில் ஏந்தவில்லை. அவர் போன பின் 1997 இல் டெட்ரொயிட் வென்றது. 2004 இல் தம்பா வென்றது. 2007 இல் அனஹெய்ம் வென்றது. தான் இருந்து புறப்பட்ட வீடுகளில் பிறகு கலியாணம் நடப்பதைத் தூர நின்று பார்ப்பது போன்ற நிலை.

இதை அதிர்ஷ்டமின்மை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சகோதரிகளே, இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தேவையில்லாதவரைப் பன்னிரண்டு கழகங்கள் கேட்டு வாங்குமா? பன்னிரண்டு தடவை புதிய ஆட்களோடு உட்கார்ந்து, புதிய பயிற்றுநரின் சொல்லைக் கேட்டு, மனக்கசப்பைச் சீருடைக்குள் மறைத்து, மறுநாளே வேலையில் இறங்குவது எல்லோராலும் ஆகுமா? ஓய்வுக்குப் பின் எட்மண்டன் ஓயிலர்ஸ் கழகம் இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்ததில் வியப்பில்லை.

ஆட்டத்தை விட்டபின் அவர் வாழப் போனது பன்னிரண்டு நகரங்களில் எதற்கும் அல்ல. புறப்பட்ட ரெஜைனாவுக்கே திரும்பினார். அவருடைய மூன்று ஆண் பிள்ளைகளும் ஹொக்கியையே கையில் எடுத்தார்கள். ஊர் ஊராக அலைந்த வாழ்க்கை பிள்ளைகளுக்கு அந்தத் தொழிலை வெறுக்கச் செய்யவில்லை. வெளியே விலாசம் மாறிக்கொண்டே இருக்க, உள்ளே ஏதோ ஒன்று மாறாமல் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த ஒன்றை எந்தக் கழகமும் கொடுக்கவில்லை. அதைச் சாமான்களோடு சாமானாகக் கட்டிக் கொண்டுபோனவர்கள் வீட்டார்.

முடிவில் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நாள் வந்தது. பன்னிரண்டாவது இடத்தில் ஒரு கழகம் கோல் சிலிஞ்சரின் பெயரை அழைத்தது. அது கொலம்பஸ். அறுபத்தேழு நாள் குழந்தையாக இருந்தபோது அவன் வாப்பாவை வேறு ஊருக்கு அனுப்பிய அதே கழகம். அந்த ஒக்டோபரில், பதினெட்டு வயதில், தான் பிறந்த நகரத்தின் சீருடையை அணிந்து அவன் பனித்தரையில் இறங்கினான்.

தகப்பனுக்கு அது எட்டாவது சீருடை. மகனுக்கு அதுவே முதலாவது.