துடியலூர் புகைக்கு பிரஸ்ஸல்ஸில் பில்!

பிரஸ்ஸல்ஸ் எங்கே இருக்கிறது? பூகோள வாத்தியார் கேட்டபோது நம்மில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்தோம். இன்றைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் போல்ட், நட்டுப் பட்டறை வைத்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறவரைக் கேளுங்கள். நடு ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூடவே இரண்டு கெட்ட வார்த்தையும் சொல்வார். அதை இங்கே போட ஆசிரியர் விடமாட்டார்.

நான் துடியலூரில் அப்படி ஒரு சின்னப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். (பெயர் வேண்டாமே, ஒன்றாம் தேதி சம்பளம் வர வேண்டும்.) ஜெர்மனி பார்ட்டி வழக்கமாக விலை கேட்பான், சாம்பிள் கேட்பான், டெலிவரி தேதி கேட்பான். ஒரு நாள் புதுசாக ஒரு படிவம் அனுப்பினான். ஒரு டன் போல்ட் செய்ய எத்தனை டன் கரியமில வாயு வெளியே விட்டீர்கள்? முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"ஏந்தம்பி, நம்மூர்ல நாம புகை விட்டா அவனுக்கு என்னவாமா?"

"அதுக்குக் காசு கேக்கறாங்களாமுங்ணா."

"அப்ப மூச்சு விடறதுக்கும் பில்லு போடுவானாட்ட இருக்குதே!"

"இப்போதைக்கு அது லிஸ்ட்ல இல்லீங்ணா."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. 2023-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் போட்டது. எல்லைக் கார்பன் வரி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அவர்களோ 'வரி' என்ற வார்த்தையே வராமல் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரும்பு எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறும் அதில் அடக்கம். போல்ட்டும் நட்டும் இரும்புக் கணக்கில் வருகின்றன. 2023 அக்டோபர் முதல் கணக்கு மட்டும் கொடுங்கள், போதும் என்றார்கள். 2026 ஜனவரி 1 முதல் காசு.

கட்ட வேண்டியது அங்கே இறக்குமதி செய்கிறவன்தான். ஆனால் அவன் என்ன தர்மசத்திரமா நடத்துகிறான்? அடுத்த கொட்டேஷனில் நம் தலையில் இறக்கிவிடுவான். உதாரணத்துக்கு, ஒரு டன் எஃகுக்கு 2.5 டன் வாயு, டன் வாயுவுக்கு 70 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு அளவில் 175 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று ரவுண்டாகப் போட்டால் டன்னுக்கு 17,500 ரூபாய். இப்போதே முழுசும் இல்லை. ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வரும் அனுமதியைக் குறைத்துக்கொண்டே வந்து 2034-ல் பூஜ்யமாக்குவார்கள். அது இறங்க இறங்க இது ஏறும். வருஷத்துக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்கிற கம்பெனிக்கு விலக்கு உண்டு என்று 2025-ல் ஒரு தளர்வு கொடுத்தார்கள். அது வாங்குகிறவனின் மொத்தக் கணக்கு. நம்மிடம் பத்து டன், வேறு நாட்டில் நாற்பத்தொரு டன் வாங்கினால், அவன் வலைக்குள் வந்துவிடுவான், கூடவே நாமும்.

"எங்களது பம்பு, எங்களுக்கு என்ன?" என்று துடியலூர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார். பம்பு அந்த முதல் பட்டியலில் இல்லை, உண்மைதான். ஆனால் 2025 டிசம்பரில் ஐரோப்பிய கமிஷன் ஒரு யோசனையை முன்வைத்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் அதிகமுள்ள இயந்திரங்கள், சாமான்கள் என்று சுமார் 180 இனங்களை 2028 முதல் சேர்க்க வேண்டுமாம். பம்புக்குப் பேர்போன நம் ஊர் அந்தப் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பது நல்லது.

இதில் ஒரு வேடிக்கை. நம்ம ஊர் ஃபவுண்டரிகளில் ஒரு காலத்தில் கோக் கரியைக் கொட்டி எரிக்கும் குப்போலாதான். இப்போது பல பேர் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு மாறி, பழைய இரும்பைக் கரண்டில் உருக்குகிறார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் இரும்பைப் பொறுத்தவரை நேரடியாக விடுகிற வாயுவுக்குத்தான் காசு. ஸ்கிராப்புக்குப் பூஜ்யம். அப்படிப் பார்த்தால் இந்த முறையில் உருக்குகிறவன் பரீட்சையில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்க வேண்டியவன். ஆனால் விடைத்தாள் வேண்டுமே! அளந்து, எழுதி, அங்கீகாரம் பெற்றவர் சரிபார்த்துக் கொடுக்காவிட்டால், நாட்டுக்கு ஒன்று என்று அவர்களே வைத்திருக்கும் மதிப்பைப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றியும் போடுவார்கள். நிலக்கரியில் இரும்பு எடுக்கும் ராட்சச ஆலைக்கும் நம்ம தகரக் கொட்டகைக்கும் அப்போது ஒரே மார்க்.

காற்றாலைக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. உடுமலைப் பக்கம் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அவை சுற்றுகிற அழகைப் பார்க்கலாம். அந்தக் கரண்டில் உருக்கினாலும் நிலக்கரிக் கரண்டில் உருக்கினாலும் அங்கே இரும்புக்கு வித்தியாசம் கிடையாது. "எங்கள் காற்றுக்கும் மார்க் போடு" என்று யாராவது போய்க் கேட்க வேண்டாமா? முதலாளி போக முடியாது. அவருக்கு விசா கிடைப்பதற்குள் ஆர்டர் துருக்கிக்குப் போய்விடும். போக வேண்டியது இந்திய அரசாங்கம். வெளியுறவுக் கொள்கை என்றால் பாகிஸ்தான், சீனா, கைகுலுக்கும் போட்டோ என்று நினைக்கிறோமே, இதுவும் அதுதான்.

நமக்கு இதில் பழைய பெருமை உண்டு. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய முதல் சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு, அந்த ஊர்ப் பிரதமரைத் தவிர வெளிநாட்டிலிருந்து போன ஒரே பிரதமர் இந்திரா காந்தி. வறுமையை ஒதுக்கிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசாதீர்கள் என்பது அங்கே அவர் வாதம். 1992-ல் ரியோவில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு வேறு வேறு என்ற கொள்கை எழுத்தில் ஏறியது. 2015-ல் பிரான்சோடு சேர்ந்து சர்வதேச சூரிய சக்திக் கூட்டணியைத் தொடங்கி, அதன் தலைமையகத்தையே குருகிராமுக்குக் கொண்டு வந்தோம். 2021-ல் கிளாஸ்கோவில், 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று வாக்குக் கொடுத்தோம்.

வாதமும் நியாயமானதுதான். இந்தியனின் சராசரிப் பங்கு வருஷத்துக்கு 2 டன் சுமார். அமெரிக்கனுக்கு அதைப்போல ஏழு மடங்கு. இருநூறு வருஷம் புகை விட்டவன் இன்றைக்கு நம்மிடம் வந்து கணக்குக் கேட்டால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் எரிச்சலை கன்டெய்னரில் ஏற்றி அனுப்ப முடியாது. எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி வந்த தோட்டங்கள் இருக்கின்றன. அவன் கேட்காவிட்டாலும் நமக்கும் இது தேவை.

ஐரோப்பாவோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல் மறுபடி கிளம்பி, 2026 ஜனவரி 27-ல் முடிந்தது என்று அறிவித்தார்கள். இந்தக் கார்பன் வரியிலிருந்து விலக்கு மட்டும் கிடைக்கவில்லை. வேறு நாட்டுக்குச் சலுகை கொடுத்தால் நமக்கும் உண்டு என்ற உறுதிதான் மிச்சம்.

டில்லியில் பருவநிலை மாநாட்டுக்குப் போவது சுற்றுச்சூழல் அமைச்சகம். ஏற்றுமதி பேசுவது வர்த்தக அமைச்சகம். கார்பன் சந்தையில் மின்துறைக்கும் பங்கு. தூதரகங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் கீழே. பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கியவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. 2008 முதல் 2010 வரை பிரதமரின் சிறப்புத் தூதராக ஷ்யாம் சரண் பருவநிலை விவகாரத்தைப் பார்த்தார். முன்னாள் வெளியுறவுச் செயலர். பேரம் தெரிந்த மனுஷர். அப்படி ஒரு நாற்காலி இப்போது வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மனியும் 2022-ல் இப்படி ஒருவரை வெளியுறவு அமைச்சகத்தில் உட்கார வைத்தது. 2025-ல் ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டது. அவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். வரி வாங்குகிறவன் அவன்.

அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு முதல் வேலை ரெடியாக இருக்கிறது. உள்நாட்டில் கட்டிய கார்பன் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள ஐரோப்பியச் சட்டமே இடம் தருகிறது. நாமும் 2023-ல் கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்திருக்கிறோம். அதை பிரஸ்ஸல்ஸ் ஒப்புக்கொள்ளும்படி செய்தால், காசு அங்கே போகாமல் இங்கேயே நிற்கும். சின்னப் பட்டறைக்கு மீட்டர் வாங்கவும், சரிபார்ப்பு ஃபீஸ் கட்டவும் அதிலிருந்து கொடுக்கலாம். நாள் அதிகம் இல்லை. கார்பன் சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடக்கம். 2026-ல் இறங்கிய சரக்குக்குக் கணக்கு முடிக்கக் கடைசித் தேதி 2027 செப்டம்பர் 30.