பேரீச்சம்பழத்துக்குப் போன காட்டு ரெயில்!

ஆலங்குளம்,

ஆலங்குளத்துக்கு ரெயில் கிடையாது. ரெயில் ஏற பாவூர்சத்திரம் போகணும், இல்லையென்றால் தென்காசி. ஆனால் கரி என்ஜினைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கண் விரியும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 1904-ல் மீட்டர்கேஜ் பாதை வந்தது. அந்தப் பதிமூணு கண் பாலத்தில் புகை விட்டுக்கொண்டு வண்டி போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010-ல் அந்தப் பாதை மூடப்பட்டது. 2018-ல் அகல ரெயில் பாதையாகத் திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வராத ரெயில் ஒன்று உண்டு. அதில் ஆள் ஏறவில்லை, மரம்தான் ஏறியது.

80 கிலோமீட்டர் காட்டுப்பாதை

பரம்பிக்குளம் காட்டுக்கும் சாலக்குடிக்கும் இடையே ஓடியது அந்த ரெயில். கொச்சி ராஜாவின் ஆட்சியில் 1907-ல் தொடங்கியது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர். கொச்சி சமஸ்தான வன டிராம்வே என்று பெயர். யோசனை சொன்னவர் ஆழ்வார் செட்டி என்ற வன அதிகாரி. காட்டுக்குள்ளே தேக்கும் ஈட்டியும் மலை மலையாக நிற்கிறது. கொண்டுவர வழி இல்லை. யானையும் மாட்டுவண்டியும் எத்தனை தடி இழுக்கும்?

சாலக்குடி வழியாக 1902-ல் ரெயில் வந்துவிட்டது. காட்டு மரத்தைச் சாலக்குடி வரை சேர்த்துவிட்டால் போதும், துறைமுகத்துக்கே போய்விடும்!

என்ஜின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. பெர்லின் நகரத்து ஆரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனி தயாரிப்பு. சின்ன என்ஜின்தான். காட்டுப் பாதையில் வளைவுக்கு வளைவு திரும்பணுமே!

செங்குத்தான மலைச்சரிவில் என்ஜின் ஏறாது. அங்கே ஒரு தந்திரம் செய்தார்கள். மேலே ஒரு பெரிய உருளை. அதில் இரும்புக் கயிறு. ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையால் கீழே இறங்கும். அந்த இழுப்பிலேயே காலி வண்டி மேலே வந்துவிடும். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பிரேக் போடுகிறவனுக்கு மட்டும் கை உறுதியாக இருக்கணும்.

உலகப்போர் காலத்தில் மரத்துக்கு ஏகக் கிராக்கி. வண்டி ஓய்வில்லாமல் ஓடியது. பிறகு லாரி வந்தது, ரோடு வந்தது. வெட்ட மரமும் குறைந்தது. நஷ்டக் கணக்கு எழுதினார்கள். 1963-ல் இழுத்து மூடினார்கள்.

எடைக்கு எடை!

தண்டவாளம், வண்டி, என்ஜின்... பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கதைதான்! இன்று அந்த டிராம்வேயில் ஓடும் நிலையில் ஒரு என்ஜின்கூடக் கிடையாது.

ஏன் இந்தக் கதி? சொந்தக்காரன் இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரெயில்வே என்ஜின் என்றால் ஷெட் உண்டு, ஒர்க்ஷாப் உண்டு, பிட்டர் உண்டு. கடைசியில் டெல்லி ரெயில் மியூசியத்தில் ஓர் இடமும் உண்டு. காட்டு என்ஜின் வனத்துறைச் சொத்து. அவர்களுக்கு மரம்தான் கணக்கு. என்ஜின், கோடாலி மாதிரி ஒரு தளவாடம். கூப்பு முடிந்தால் கோடாலியை யார் பத்திரப்படுத்துவார்கள்?

அதே கம்பெனி, அதே 1907-ம் வருஷம் செய்த இன்னொரு என்ஜினின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். பாட்டியாலா மகாராஜாவின் ஒற்றைத் தண்டவாள ரெயிலில் ஓடியது அது. 1927-ல் ஓட்டம் நின்றது. அங்கேயும் ஷெட்டில் போட்டு மறந்துவிட்டார்கள். 1962-ல் மைக்கேல் சாட்டோ என்ற வெள்ளைக்காரர் கண்ணில் பட்டது. 1976-ல் அமிர்தசரஸ் ஒர்க்ஷாப்பில் பழுது பார்த்தார்கள். இன்றைக்கு டெல்லி மியூசியத்தில் நிற்கிறது. ஒரே ஒரு ஆளின் கண், அவ்வளவுதான் வித்தியாசம்!

பெயிண்ட் அடித்தால் போதுமா?

"கிடைத்திருந்தால் பார்க்கில் நிறுத்திப் பெயிண்ட் அடிச்சிருக்கலாமே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

கரி என்ஜினுக்கு எதிரி அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. புகைப்பெட்டியில் மிச்சமிருக்கும் சாம்பலில் மழைத்தண்ணீர் இறங்கினால் அமிலமாகிவிடும். தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியே பளபளப்பு, உள்ளே சல்லடை! பித்தளைக் குழாயும் செம்புத் தகடும் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கழன்றுவிடும். அதை யார் எடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஓட வைக்க வேண்டும் என்றால் செலவு இன்னும் பெரிது. பாய்லர்தான் உயிர். அதற்குள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள். உப்புத்தண்ணீர் ஊற்றினால் காறை கட்டும், வெப்பம் ஏறாது, குழாய் வெடிக்கும். ஓட்டுவதற்கு முன்னால் பச்சைத்தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிக்கணும். ஒரு கசிவு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து வேலை. உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒவ்வொன்றையும் அளந்து, வார்த்து, கடைந்து செய்யணும்.

முடியாத காரியமா? இல்லை. நம்ம பொன்மலையைப் பாருங்கள். ஊட்டி மலை ரெயிலுக்கு வெளிநாட்டு என்ஜின்தான் என்றிருந்ததை மாற்றி, புது நீராவி என்ஜின்களை அங்கேயே செய்துவிட்டார்கள். நிலக்கரியில் ஓடும் என்ஜின் 2021-ல் வெளியே வந்தது. 1855-ல் செய்த ஓர் என்ஜின் நூறு வருஷத்துக்கு மேல் பொம்மையாக நின்றது. அதைப் பெரம்பூர் ஒர்க்ஷாப் உயிர்ப்பித்து, 2010 ஆகஸ்டு 15-ல் சென்னையில் ஓட்டிக் காட்டியது. கைவேலை தெரிந்த ஆள் இருந்தான், நடந்தது. அந்த ஆட்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

அதே 1963-ல்...

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் காஸ் என்று ஒரு மரக்கம்பெனி ஊர். அங்கேயும் காட்டு ரெயில் நஷ்டத்தில் நின்றது. பழைய இரும்புக்காரன் வாசலுக்கு வந்துவிட்டான். மாகாண அரசே விலைக்கு வாங்கிச் சுற்றுலா ரெயிலாக்கியது. முதல் வண்டி கிளம்பிய வருஷம் 1963. நாம் இங்கே இழுத்து மூடிய அதே வருஷம்! மரத்தடி இழுத்த 1905-ம் வருஷத்து என்ஜின் அங்கே இன்றைக்கும் டிக்கெட் வாங்கியவர்களை இழுக்கிறது.

"காட்டை அழித்த என்ஜினுக்கு என்ன மரியாதை?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் எத்தனை தேக்கு போனது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, எதைக் காட்டுவது?

பரம்பிக்குளம் இன்றைக்குப் புலிகள் காப்பகம். அங்கே மறுபடி தண்டவாளம் போட முடியாது, போடவும் கூடாது. மிச்சம் கிடக்கும் இரும்பையாவது கூரை போட்டு வைக்கலாம். காடு கேரளாவுடையது. ஆனால் போகிற ரோடு நம்ம பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழிதான். போகிறவர்கள் வனத்துறை ஆட்களிடம் டிராம்வே போன தடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.