முழங்கால் மூட்டும் முதியோர் மனமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் முதியோர் உள்ள இல்லங்களுக்குச் செல்கையில், முழங்கால் வலி பற்றிய பேச்சை நாம் கேளாத நாள் அரிது. செயற்கை மூட்டுப் பொருத்திக்கொள்ளலாமா என்னும் வினாவும் உடன் எழுகிறது.

நன்மை மெய்யே. வெளிநாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கணிப்பின்படி, முழு மூட்டு மாற்றங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. 2017-இல் நடுவண் அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை வரம்பும் விதித்தது.

ஆயினும் ஐவரில் ஒருவருக்கு வலியோ மனக்குறையோ எஞ்சுகிறது. நூற்றுக்கு ஓரிருவருக்குக் கிருமித் தொற்று நேரலாம். காலில் இரத்தம் உறையலாம். மூட்டுத் தளர்ந்தாலோ, சீழ் பிடித்தாலோ மறு அறுவை தேவைப்படும். ஆழ்ந்த தொற்றாயின், பல வேளைகளில் பழைய மூட்டை அகற்றி, கிருமிக்கொல்லி மருந்து கலந்த சிமெண்டை இடையில் வைத்து, பல வாரங்கள் கழித்தே புதியதைப் பொருத்துவர். அம்மறு அறுவை முதலாவதைப் போல் நெடுநாள் உழைப்பதும் அரிது.

எனவே சர்க்கரை நோயை அடக்குதலும், சொத்தைப் பல்லைச் சீராக்குதலும் அறுவைக்கு முன்னரே ஆற்றவேண்டியவை. அறுவைக்குப்பின் நாள்தோறும் பயிற்சி தேவை. காய்ச்சலோ, வீக்கமோ, புண்ணில் நீர்க்கசிவோ கண்டால், எண்ணெய் தடவிக் காலங்கடத்தாது மருத்துவரை நாடுக.

இன்னுமொன்று. மண்டியிட இயலவில்லையே என வருந்தி, திருப்பலிக்கு வரவே தயங்குவோர் உளர். திருச்சபை நோயுற்றோரை வற்புறுத்துவதில்லை. எழுந்தேற்றத்துக்குப்பின் குரு முழங்காலிடுகையில், தாழப் பணிந்து வணங்குமாறே திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (எண் 43) கூறுகிறது.

பிள்ளைகளே, பெற்றோர் வலியை 'வயதுக் கோளாறு' எனத் தள்ளாதீர். சீரேனே ஊர்ச் சீமோன் தோள் கொடுத்தான். நீங்கள் கையேனும் கொடுங்கள்.